நாற்பது விஎம், ஒரே நெட்வொர்க்: எங்கே பிரிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) சர்வர்கள் ஒரே கிளஸ்டராக ஓடுகின்றன, அவற்றில் ஏறக்குறைய 40 விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள். கணக்கு மென்பொருள், சம்பளப் பட்டியல், வெளியாட்கள் பார்க்கும் வெப்சைட், டெவலப்பர்களின் டெஸ்ட் சர்வர்கள், ஆக்டிவ் டைரக்டரி (ஊழியர்களின் லாகின்களை நிர்வகிப்பது), ஊழியர்களின் பிசி, பிரிண்டர், சிசிடிவி என்று எல்லாமே 192.168.1.0/24 என்ற ஒற்றை நெட்வொர்க்கில் கிடக்கின்றன. ஆடிட்டர் பிரித்தே ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) போடலாமா, விஎக்ஸ்லான் (ரூட்டிங் நெட்வொர்க்குக்கு மேல் விலான் போல ஓட்டும் முறை) தேவையா, ஃபயர்வாலை எங்கே வைப்பது, இரண்டாவது அலுவலகத்தையும் இதே நெட்வொர்க்கில் நீட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலான் எத்தனை என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். எந்த சர்வர் எந்த சர்வரோடு எந்த போர்ட்டில் (ஒரு சேவையின் எண்) பேச வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள், அதுதான் டிசைன். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் விலான், சப்நெட் (ஐபி முகவரிகளின் ஒரு தொகுதி), ஃபயர்வால் விதி எல்லாம் இரண்டு மூன்று நாளில் அமைத்துவிடக்கூடிய வேலை. அது இல்லாமல் 30 விலான் போட்டால், அடுத்த ஆறு மாதத்தில் "அது இதோடு பேசவில்லை" என்று ஒவ்வொருவராக வந்து நிற்க, எல்லாவற்றுக்கும் இடையே எல்லா போர்ட்டையும் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பிரித்த மாதிரியும் இருக்கும், பிரிக்காத மாதிரியும் இருக்கும். பல இடங்களில் இதுதான் நடக்கிறது.

ஏன் பிரிக்க வேண்டும் என்று மேலிடம் கேட்டால் 2017 ஜூன் மாத நாட்பெட்யா மால்வேர் தாக்குதலைச் சொல்லுங்கள். எம்.இ.டாக் என்ற உக்ரைன் வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட்டில் ஒட்டிக்கொண்டு அது உள்ளே வந்தது. அந்த மென்பொருளை அங்கே பயன்படுத்திய நிறுவனங்களில் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஒன்று. உள்ளே நுழைந்த பிறகு திருடிய பாஸ்வேர்டுகளையும் விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் ஓட்டையையும் வைத்துக்கொண்டு சர்வரிலிருந்து சர்வருக்குத் தாவியது. 4,000 சர்வர்களையும் 45,000 பிசிக்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று மேர்ஸ்கின் அப்போதைய தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே அடுத்த ஜனவரியில் டாவோஸ் மேடையில் சொன்னார். இன்டர்நெட் வாசலில் ஃபயர்வால் இல்லாததால் வந்த வினை இல்லை இது. உள்ளே ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தடையே இல்லாததுதான் காரணம். உங்களிடமும் கணக்கு மென்பொருள் இருக்கிறது, அதற்கும் அப்டேட் வருகிறது, அது இருக்கும் அதே சப்நெட்டில் சிசிடிவியும் டெஸ்ட் சர்வரும் இருக்கின்றன.

சரி, விலானுக்கு வருவோம். விலான் என்ன செய்கிறது என்பதை விட என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஒரே விலானுக்குள் இருக்கும் இரண்டு விஎம்களை அது பிரிக்காது. இன்னும் மோசமான விஷயம், இரண்டும் ஒரே ஹோஸ்டில் (விஎம்களை ஓட்டும் சர்வர்) ஒரே பிரிட்ஜில் (அதற்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச்) இருந்தால் அவற்றுக்கு இடையே போகும் பாக்கெட் அந்த ஹோஸ்டை விட்டு வெளியே வருவதே இல்லை. நீங்கள் ரேக்கில் வைத்திருக்கும் விலை உயர்ந்த ஃபயர்வால் அதைப் பார்க்கவே பார்க்காது. விலானை மட்டும் நம்புவது, தெருவுக்கு கேட் போட்டுவிட்டு வீடுகளுக்குக் கதவு வைக்காமல் விடுகிற மாதிரி.

அதனால் நான் சொல்வது இரண்டு அடுக்கு. மேலே பெரிய பெரிய ஜோன்கள், ஏழெட்டு போதும், இவற்றை விலானால் பிரியுங்கள். ஜோனுக்கு ஜோன் போகிற டிராஃபிக் எல்லாம் ஒரே ஃபயர்வால் வழியாகப் போகட்டும், சொல்லி வைத்ததைத் தவிர மற்றது எல்லாம் தடை. கீழே, ஒவ்வொரு விஎம்மின் நெட்வொர்க் கார்டிலும் ஹைப்பர்வைசரே (விஎம்களை ஓட்டும் மென்பொருள், இங்கே பிராக்ஸ்மாக்ஸ்) போடுகிற ஃபயர்வால். அப்ளிகேஷனை அப்ளிகேஷனிலிருந்து பிரிப்பது இந்த இரண்டாவது அடுக்குதான். இன்னொரு ஹைப்பர்வைசர் நிறுவனமான விஎம்வேரின் என்எஸ்எக்ஸ் பெரிய விலைக்கு விற்றது முக்கியமாக இதைத்தான். பிராக்ஸ்மாக்ஸில் இதன் எளிய வடிவம் கூடுதல் காசில்லாமல் கிடைக்கிறது, ஆனால் நிறைய பேர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

விஎம்முக்கு உள்ளேயே ஃபயர்வால் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. விஎம்மை ஒருவன் பிடித்து ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிவிட்டால் முதலில் அதைத்தான் அணைப்பான். டாக்கர் (அப்ளிகேஷன்களை கன்டெய்னர்களாக ஓட்டும் மென்பொருள்) ஓடுகிற விஎம்மில் இன்னொரு கூத்து உண்டு. டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே பப்ளிஷ் செய்யும்போது லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தானே விதி எழுதிக்கொள்ளும், உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் தடை போட்டிருந்தாலும் அந்த போர்ட் திறந்தே இருக்கும். டெவலப்பருக்கு இது தெரியாது, பெரும்பாலும் அட்மினுக்கும் தெரியாது. ஹைப்பர்வைசரின் ஃபயர்வால் விஎம்முக்கு வெளியே இருப்பதால் இந்த இரண்டு விஷயத்திலும் தப்பித்துக்கொள்கிறது.

பிராக்ஸ்மாக்ஸில் இந்த ஃபயர்வால் வேலை செய்ய மூன்று இடங்களில் அதை ஆன் செய்ய வேண்டும்: டேட்டாசென்டர் அளவில் (கிளஸ்டர் முழுவதற்கும்) ஒன்று, அந்த விஎம்மின் ஃபயர்வால் ஆப்ஷன்களில் ஒன்று, நெட்வொர்க் கார்டில் ஒரு டிக். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் நீங்கள் எழுதிய விதி அழகாகத் திரையில் தெரியும், எதையும் தடுக்காது. தடுக்கவில்லை என்று எந்த எச்சரிக்கையும் வராது. ஆன் செய்த விஎம்முக்கு உள்ளே வருவது தடை, வெளியே போவது அனுமதி என்பதுதான் இயல்பான நிலை. அந்த வெளியே போகும் பக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

விதிகளை ஐபி ஐபியாக எழுதாதீர்கள். டேட்டாசென்டர் அளவில் ஐபிசெட் (பெயர் வைத்த ஐபி பட்டியல்) என்று ஒன்று இருக்கிறது, செக்யூரிட்டி குரூப் (பல விஎம்களில் மாட்டக்கூடிய விதித் தொகுப்பு) என்று ஒன்று இருக்கிறது. கணக்கு அப்ளிகேஷனின் ஆப் சர்வர்களை ஒரு ஐபிசெட்டில் போடுங்கள். "அந்த ஐபிசெட்டிலிருந்து 5432 போர்ட்டுக்கு அனுமதி" என்று ஒரு செக்யூரிட்டி குரூப் எழுதி, கணக்கின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் விஎம்மில் மாட்டுங்கள். நாளைக்கு இன்னொரு ஆப் சர்வர் வந்தால் ஐபிசெட்டில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது, விதியைத் தொட வேண்டாம். நிர்வாகம் சுலபமாவது என்று நான் நினைப்பது இதைத்தான். ஒரே ஒரு ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள், "எல்லா ஆப் சர்வர்கள்" என்று ஒரு ஐபிசெட், "எல்லா டேட்டாபேஸ்கள்" என்று ஒரு குரூப் போடும் ஆசைக்கு. எழுத ஒரே வரிதான், ஆனால் சம்பள டேட்டாபேஸ் வெப்சைட்டுக்குத் திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்ளிகேஷனுக்கு ஒரு ஜோடி என்று வையுங்கள், நாற்பது விஎம்முக்கு அது ஒன்றும் பெரிய பட்டியல் ஆகாது.

இங்கே அமேசான் கிளவுடுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒரு செக்யூரிட்டி குரூப்பை இன்னொன்றின் பெயரைச் சொல்லியே அனுமதிக்கலாம், ஐபியே பேச்சில் வராது. பிராக்ஸ்மாக்ஸில் ஐபிசெட்டுக்குள் கடைசியில் ஐபிதான் இருக்க வேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் 8.3 முதல் விநெட்டுக்கு (பெயர் வைத்த மெய்நிகர் நெட்வொர்க்) ஒரு ஐபிசெட்டை அதுவே உருவாக்கிக் கொடுக்கிறது என்றாலும், எந்த விஎம் சம்பளத்தைச் சேர்ந்தது, எது கணக்கைச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியப் போவதில்லை. அதனால் விஎம் உருவாக்கும்போதே ஐபியை ஒதுக்கி, அதே ஸ்கிரிப்டில் ஐபிசெட்டிலும் சேர்த்துவிடுங்கள். அன்சிபிள், டெராஃபார்ம் என்று எந்தத் தானியக்கக் கருவியானாலும் சரி. கிளஸ்டர் அளவு விதிகள் எல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில்தான் இருக்கின்றன, எல்லா நோடுக்கும் (கிளஸ்டரில் உள்ள சர்வர்) தானாகப் போய்ச் சேரும். அதை கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் மென்பொருள்) வைத்து, ஒவ்வொரு விதிக்கும் யார் கேட்டார்கள், எதற்கு என்று ஒரு கமென்ட் எழுதினால் அடுத்த ஆடிட்டுக்குப் பாதி வேலை முடிந்தது.

இப்போது ஜோன்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: நிர்வாகம், வெளியே தெரிகிற ரிவர்ஸ் பிராக்ஸிகள் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள் சர்வருக்குக் கொடுப்பவை), உள் அப்ளிகேஷன்கள், டேட்டாபேஸ்கள், பொதுச் சேவைகள், டெஸ்ட், ஊழியர் பிசிக்கள், அப்புறம் சிசிடிவியும் பிரிண்டரும் சேர்ந்து ஒன்று. கிளஸ்டரின் கோரோசிங்க்கும் (நோடுகள் ஒன்றையொன்று கவனிக்கும் சேவை) ஸ்டோரேஜும் தனித்தனி, அவற்றுக்கு கேட்வேயே (நெட்வொர்க்கை விட்டு வெளியேறும் வாசல்) வேண்டாம், வெளியே போகும் வழியே இருக்கக் கூடாது. கோரோசிங்க் தாமதத்தைத் தாங்காது. பேக்கப் ஓடும் நேரத்தில் அதே கேபிளில் அதுவும் போனால் நோடுகள் ஒன்றையொன்று காணவில்லை என்று நினைத்துக்கொள்ளும், ஹெச்ஏ (ஒரு நோடு விழுந்தால் விஎம்களை வேறு நோடில் எழுப்பும் வசதி) ஆன் செய்திருந்தால் நோடே ரீபூட் ஆகும்.

முகவரிக்கு 10.20.0.0/16 மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, விலான் எண்ணும் மூன்றாவது எண்ணும் ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். விலான் 40 என்றால் 10.20.40.0/24. லாகில் ஒரு ஐபியைப் பார்த்தவுடனே எந்த ஜோன் என்று தெரிந்துவிடும், ராத்திரி இரண்டு மணிக்கு அது பெரிய உதவி. 192.168.0, 192.168.1 இரண்டையும் இனிமேல் தொடாதீர்கள், ஊழியர்களின் வீட்டு ரூட்டர்களில் பாதி அதில்தான் இருக்கும், விபிஎன் போட்டால் முட்டிக்கொள்ளும். 172.17.0.0/16 டாக்கர் இயல்பாக எடுத்துக்கொள்வது, அதன் அடுத்தடுத்த பிளாக்குகளையும் டாக்கர் கம்போஸ் பிடித்துக்கொண்டே போகும், அந்தப் பக்கமும் போக வேண்டாம். விலான் 1ஐ எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

பொதுச் சேவை ஜோனில்தான் பலர் கோட்டை விடுவார்கள். டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை), நேரம், ஆக்டிவ் டைரக்டரி, மானிட்டரிங் இவற்றோடு எல்லோரும் பேசியே ஆகவேண்டும், ஆகவே எல்லா ஜோன்களையும் திரும்பச் சேர்க்கிற இடமும் இதுதான். இங்கே திசையைக் கவனியுங்கள். மற்ற ஜோன்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்கலாம், அதற்காக டிஎன்எஸ் சர்வர் திரும்பிப் போய் யாருடைய ரிமோட் டெஸ்க்டாப்பையும் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. மானிட்டரிங் சர்வருக்கு எல்லா இடத்திலும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவி கொடுத்து வைத்திருப்பீர்கள், பெரும்பாலானவர்கள் அப்படித்தான். அதை ஏஜென்ட் போர்ட் ஒன்றுக்கு மட்டும் சுருக்குங்கள். பேக்கப் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு டிஸ்க்கை அனுப்புவது ஹோஸ்ட்தான், விஎம் இல்லை. ஆகவே எந்த விஎம்மும் பேக்கப் சர்வரைப் பார்க்க வேண்டியதே இல்லை. ரான்சம்வேர் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான் என்பதால் இந்த ஒரு விஷயத்துக்காகவே நிர்வாக ஜோனைத் தனியாக வைக்கலாம்.

நிர்வாக ஜோனில் ஹைப்பர்வைசரின் வெப் பக்கம், சுவிட்சுகள், சர்வர்களைத் தொலைவிலிருந்து இயக்கும் ஐடிராக், ஐஎல்ஓ போன்றவை. இந்த ஜோனுக்கு நுழைய ஒரே வழி வையுங்கள், ஒரு ஜம்ப் சர்வர் (உள்ளே போகுமுன் நுழைய வேண்டிய இடை சர்வர்) அல்லது விபிஎன். ஜோன்களுக்கு நடுவே இருக்கும் ஃபயர்வாலை ஒப்என்சென்ஸ் (ஒரு ஃபயர்வால் மென்பொருள்) விஎம்மாக அதே கிளஸ்டரில் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், ஆனால் அந்த விஎம் விழுந்தால் அதை எழுப்ப நீங்கள் ஹோஸ்டைத் தொட வேண்டும், ஹோஸ்டுக்குப் போகும் வழி அந்த விஎம் வழியாகவே இருந்தால் கார் எடுத்துக்கொண்டு சர்வர் ரூமுக்குப் போக வேண்டியதுதான். நிர்வாக ஜோனுக்குள் ஃபயர்வாலைத் தாண்டாமல் நுழைய சுவிட்சில் ஒரு போர்ட்டாவது ஒதுக்கி வையுங்கள், பூட்டிய ரேக்குக்குள். என்னைக் கேட்டால் மூன்று ஹோஸ்ட் அளவுக்கு, தனியாக இரண்டு சின்ன பெட்டிகளில் ஃபயர்வாலை ஜோடியாக ஓட்டுவது நிம்மதி.

ஒரு ஜோனுக்கு ஒரே கேட்வே. சுவிட்சிலும் ரூட்டிங், ஃபயர்வாலிலும் ரூட்டிங் என்று வைத்தால் போகும் பாக்கெட் ஒரு வழி, திரும்பும் பாக்கெட் வேறு வழி என்று ஆகும், பாதி உரையாடலை மட்டும் பார்க்கிற ஃபயர்வால் அதை வெட்டிவிடும். அதே போல இரண்டு கார்டு வைத்த விஎம். "டேட்டாபேஸ் ஜோனுக்கும் ஒரு கால் போட்டுக்கொடுங்களேன், வேகமாக இருக்கும்" என்று யாராவது கேட்பார்கள். அந்த விஎம்தான் பிறகு ஃபயர்வாலைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி. கொடுக்காதீர்கள். ஐபிவி6 நாங்கள் பயன்படுத்துவதில்லை என்றும் சொல்லாதீர்கள், நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் ஒவ்வொரு விஎம்மிலும் லிங்க்-லோக்கல் முகவரி (அதே நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் முகவரி) தானாக இருக்கும், ஒரே விலானுக்குள் அதை வைத்தே பேசிக்கொள்ளலாம். விதி எழுதும்போது ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

வெளியே போகும் பக்கம் என்றேன் இல்லையா. சர்வர்கள் இன்டர்நெட்டுக்கு இஷ்டம் போலப் போகக் கூடாது. உள்ளே நுழைந்த மால்வேர் தன் முதலாளியைக் கூப்பிடுவது இந்த வழியில்தான். அப்டேட்டுக்கு ஒரு உள் மிரர் (அப்டேட்டுகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்) அல்லது ஒரு பிராக்ஸி வையுங்கள், வரித் தளம், வங்கி மாதிரி தேவையானவற்றைப் பெயர் சொல்லி பிராக்ஸியில் திறங்கள், மற்றது எல்லாம் அடைப்பு. முதல் வாரம் திட்டு வாங்குவீர்கள்.

விஎக்ஸ்லான் தேவையா? உங்களுக்கு இல்லை. விலானில் எண் 12 பிட், அதாவது பயன்படுத்தக்கூடியவை 4,094. விஎக்ஸ்லானில் 24 பிட், ஏறக்குறைய 1.68 கோடி. 4,094 போதாதவர்கள் வாடகைக்கு கிளவுட் விற்கிறவர்கள். அவர்களுக்காகவும், ரேக்குகளுக்கு நடுவே ரூட்டிங் மட்டும் இருக்கிற பெரிய டேட்டாசென்டர்களில் ஒரு விஎம்மை ஐபி மாறாமல் ரேக் விட்டு ரேக் நகர்த்துவதற்காகவும் வந்தது அது. மூன்று ஹோஸ்டும் ஒரே சுவிட்சில் இருக்கும்போது உங்களுக்கு அதில் கிடைப்பது கூடுதல் சிக்கல்தான். ஐபிவி4 மேல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் கூடுதல் உறை, ஆகவே கீழே இருக்கும் நெட்வொர்க்கின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) குறைந்தது 1550 ஆக்க வேண்டும் அல்லது விஎம்களில் 1450 என்று குறைக்க வேண்டும். இரண்டையும் மறந்தால் வருகிற நோய் வினோதமாக இருக்கும்: பிங் போகும், எஸ்எஸ்ஹெச் இணையும், லாகின் பக்கம் வரும், பெரிய ரிப்போர்ட் ஒன்றைத் திறந்தால் அப்படியே நிற்கும். எல்லோரும் அப்ளிகேஷனைத் திட்டுவார்கள். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1472 பைட் பிங் ஒன்று அனுப்பிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரியும். 1500 எம்டியூ வழி நெடுக இருந்தால்தான் அது போய்ச் சேரும். இன்னொன்று, விஎக்ஸ்லானில் என்கிரிப்ஷனும் இல்லை, யார் அனுப்புகிறார் என்ற சோதனையும் இல்லை. யூடிபி 4789க்கு எட்டக்கூடிய எவனும் உள்ளே பாக்கெட்டைத் தள்ள முடியும், அதனால் "தனிமைப்படுத்தும் தொழில்நுட்பம்" என்று விற்பனையாளர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

பிராக்ஸ்மாக்ஸின் எஸ்டிஎன் (நெட்வொர்க்கை மென்பொருளில் வரையறுக்கும்) பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள், விலான் வகை ஜோனாக (இந்த ஜோன் பிராக்ஸ்மாக்ஸின் சொல், மேலே பிரித்த ஜோன்கள் வேறு). 2023 நவம்பரில் வந்த 8.1 முதல் அது இயல்பாகவே நிறுவப்பட்டு வருகிறது. ஒவ்வொரு விஎம்மிலும் விலான் டேக் எண்ணைக் கையால் அடிப்பதற்குப் பதிலாக, பெயர் வைத்த விநெட்டைத் தேர்ந்தெடுக்கலாம். 40க்குப் பதில் 400 அடித்த தவறுகள் இதனால் நின்றுவிடும். பெயர் எட்டு எழுத்துக்குள்தான் வைக்க முடியும், மாற்றியபின் அப்ளை அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காது, இரண்டையும் நினைவில் வையுங்கள்.

மாற்றும் வரிசை பற்றி. ஓட்டம் தெரியாமல் தடை போடக் கூடாது. முதலில் விஎம் கார்டுகளில் எல்லாவற்றையும் அனுமதித்து, லாக் மட்டும் எழுதும் விதிகளைப் போட்டு விடுங்கள். அந்தக் காலத்துக்குள் ஒரு மாதக் கடைசியாவது வரட்டும், சம்பள ஓட்டமும் வரிக் கணக்கும் அப்போதுதான் யாருக்கும் ஞாபகம் இல்லாத ஏதோ ஒரு சர்வரைத் தொடும். லாகிலிருந்து கிடைக்கும் பட்டியலை அந்தந்த அப்ளிகேஷன்காரரிடம் காட்டி, இது எதற்கு என்று கேளுங்கள். பதில் தெரியாதவற்றில்தான் சுவாரசியமானவை இருக்கும். அப்புறம் ஐபி மாறப்போவதால் அப்ளிகேஷன் கான்ஃபிகில் இருக்கும் ஐபிகளை எல்லாம் முன்கூட்டியே டிஎன்எஸ் பெயர்களாக மாற்றுங்கள். இந்த வேலைதான் உண்மையில் நாளை விழுங்கும், விலான் போடுவது இல்லை.

முதலில் சிசிடிவி, பிரிண்டர், டெஸ்ட் சர்வர்கள். உடைந்தாலும் யாரும் அழ மாட்டார்கள், ஆபத்தில் பெரிய பங்கு அங்கேயே குறைந்துவிடும். அடுத்து வெப்சைட்டின் பிராக்ஸி. கணக்கும் சம்பளமும் கடைசியில், மாதத்தின் நடுவில். தடை போட்டவுடன் எல்லாம் ஓடுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளை ஃபயர்வால் நினைவில் வைத்துக்கொண்டு அனுமதிக்கும். ஆப் சர்வர் டேட்டாபேஸோடு வைத்திருக்கும் இணைப்புகள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும், மூன்று வாரம் கழித்து யாரோ சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் உடையும், அப்போது இந்த மாற்றம் யாருக்கும் ஞாபகம் வராது. ஆகவே விதி போட்ட அன்றே அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்புறம் டெஸ்ட் ஜோனில் ஒரு விஎம்மிலிருந்து கணக்கு ஜோன் முழுவதையும் என்மேப் (திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடும் கருவி) வைத்து ஸ்கேன் செய்யுங்கள். அந்த முடிவை ஆடிட்டரிடம் கொடுக்கலாம், விலான் படம் வரைந்து கொடுப்பதை விட அது பேசும்.

கடைசியாக இரண்டாவது அலுவலகம். அதே சப்நெட்டை அங்கே வரை நீட்டாதீர்கள். நீட்டினால் ஒரு பக்கத்து பிராட்காஸ்ட் புயல் (எல்லோருக்கும் போகும் பாக்கெட்டுகள் பெருகிக்கொண்டே போவது) இரண்டு பக்கத்தையும் சாய்க்கும், லைன் போனால் கேட்வே எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் முழுதும் ஊமையாகும். அதற்கு 10.21.0.0/16 என்று தனி பிளாக் கொடுத்து, ஜோன் எண்களை இங்கே இருப்பது போலவே வைத்து, வயர்கார்ட் விபிஎன் டனல் ஒன்றின் மேல் சாதாரண ரூட்டிங் போதும். டனலின் எம்டியூ 1420 என்பதை மட்டும் இரு பக்க ஃபயர்வாலிலும் சரிபார்த்து, டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் அதிகபட்ச அளவு) அதற்கேற்ப 1380க்குக் குறைத்து வையுங்கள்.